உப்புப் போட்ட காப்பி

தூளின் மேல் முதலில் வெந்நீர் படக்கூடாது. வீட்டில், போத்தலில் விற்கிற இன்ஸ்டன்ட் தூளில் காப்பி கலக்குவதில் நான் கண்டுபிடித்த முதல் விஷயம் இதுதான். கொதிக்கிற தண்ணீரை நேராக ஊற்றினால் தூள் ஒரு கசப்பைக் கக்கிவிடும். பிறகு எவ்வளவு சீனி போட்டாலும் அந்தக் கசப்பு அடியில் உட்கார்ந்துகொண்டு போகாது. அதனால் முதலில் மக்கை வெந்நீரில் அலசிச் சூடாக்கித் துடைத்துவிட வேண்டும். பிறகு ஒன்றரைக் கரண்டி தூள், ஒரு கரண்டி சீனி, இரண்டு கரண்டி பச்சைத் தண்ணீர். இதைக் கரண்டியின் முதுகால் அடிக்க வேண்டும். கறுப்பு பழுப்பாகும்; பழுப்பு அரைத்த சந்தனத்தின் நிறத்துக்கு வரும். ஐந்து நிமிஷம் கை வலிக்கும். அதற்குள் கெட்டிலில் தண்ணீர் கொதித்து, மூடியைத் திறந்து வைத்ததில் சற்று அடங்கியிருக்கும். அதை மக்கின் ஓரமாக ஊற்றி, கடைசியில் டின் பால். எல்லாவற்றுக்கும் பிறகு இரண்டு விரலில் ஒட்டுகிற அளவு உப்பு.

போத்தலுக்குள் ஈரக் கரண்டி போகவே கூடாது. கிள்ளானில் மழை மாதங்களில் காற்றே ஈரமாக இருக்கும். பெரிய போத்தல் மலிவு என்று வாங்கினால் பாதிக்கு மேல் தூள் கட்டிதட்டிக் கல்லாகிவிடும். நான் சின்னதுதான் வாங்குவேன்.

இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. போத்தலில் எழுதியிருப்பது மலாயும் இங்கிலீஷும். நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவன். மலாய் பேசுவேன், ஆனால் அந்தப் பொடி எழுத்தைப் படித்து முடிப்பதற்குள் தண்ணீர் ஆறிவிடும். எல்லாம் கல்யாணமான புதிதில் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டதுதான்.

அப்போது பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடியில் ஓர் அறை எடுத்திருந்தோம். ஜன்னலைத் திறந்தால் ரயில் தண்டவாளம். எனக்குப் பேச்சு வராது. சின்ன வயதிலிருந்தே அப்படி. நான்கு பேர் இருக்கும் இடத்தில் என் பெயரைக் கேட்டாலே பக்கத்தில் இருப்பவர்தான் சொல்ல வேண்டியிருக்கும். புதிதாக வந்த பெண்ணிடம் என்ன பேசுவது என்று தெரியாமல், அவள் எழும்புவதற்கு முன்னால் எழுந்து காப்பி கலக்கினேன். முதல் வாரம் முழுவதும் அவள் பாதிதான் குடித்தாள். மீதியை மெதுவாகத் தள்ளி வைப்பாள். நான் அதைப் பரீட்சை மாதிரி எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு நாளும் ஒன்றை மாற்றினேன். ஒருநாள் பச்சைத் தண்ணீர். ஒருநாள் பாலைக் கடைசியில். ஒருநாள், பலாக்காய்க் கறிக்கு எடுத்து மீந்த உப்பு மேசையில் கிடந்தது, அதில் ஒரு சிட்டிகை. அன்றைக்கு அவள் முழு மக்கையும் குடித்துவிட்டு, “இன்னைக்கு நல்லா இருக்குங்க” என்றாள்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பி ரயில் போவதைப் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கியிருந்தது. அதற்குப் பிறகு நான் எதையும் மாற்றவில்லை.

இது நடந்து இருபத்துமூன்று வருஷம் ஆகிறது. மகள் கல்யாணமாகி ஜொகூரில் இருக்கிறாள். நாங்கள் கிள்ளானில் ஒரு மலிவு விலை அடுக்குமாடியில் இருக்கிறோம். நான் போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். அவள் ஷா ஆலமில் கையுறை செய்யும் தொழிற்சாலையில் பேக்கிங் பகுதியில் வேலை செய்கிறாள். ஆறு மணிக்குத் தொழிற்சாலை பஸ் கீழே வந்துவிடும். நான் ஐந்துக்கு எழுந்து இரண்டு மக் காப்பி அடிப்பேன். அவள் குளித்துத் தலை துவட்டிக்கொண்டு வந்து உட்காருவாள். சூப்பர்வைசர் சொன்னது, மகள் போனில் சொன்னது, கீழ்வீட்டில் நடந்த சண்டை எல்லாம் அந்த மக் காலியாவதற்குள் என்னிடம் சொல்லிவிடுவாள். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு நாளில் நாங்கள் முகம் பார்த்து உட்காருவது அந்த நேரம்தான். சாயங்காலம் அவளுக்கு டிவி, எனக்குத் தூக்கம். மற்ற ஆண்கள் மனைவியிடம் என்னென்னவோ சொல்வார்களாம். என்னிடம் இருந்தது அந்த ஒரு மக் காப்பி. அது அவளுக்குப் புரிந்திருக்கிறது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

நாங்கள் கத்தோலிக்கர்கள். ஈஸ்டருக்கு முன்னால் வரும் நாற்பது நாள் தவக்காலத்தில் ஆளுக்கொன்றை விடுவது வழக்கம். சிலர் இறைச்சியை விடுவார்கள், சிலர் சிகரெட்டை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு முந்தின நாள் அவள் சொன்னாள், இந்த வருஷம் இரண்டு பேரும் காப்பியை விட்டுவிடலாம் என்று. நம் வீட்டில் நமக்கு ரொம்பப் பிடித்தது அதுதானே, அதை விட்டால்தான் அது ஒறுத்தல் என்றாள். நாற்பது நாளா என்றிருந்தது எனக்கு. ஆனாலும் பெருமையாக இருந்தது. அவளுக்கும் அது அவ்வளவு முக்கியம் என்று அவள் வாயாலேயே சொல்லிவிட்டாளே.

அன்றிலிருந்து வருஷா வருஷம் நாற்பது நாளும் காப்பி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை விலக்கு உண்டு என்று கோயிலில் சிலர் சொல்வார்கள். நாங்கள் அதையும் எடுத்துக்கொள்வதில்லை. முதல் வாரம் எனக்குப் பொட்டில் ஆணி அடித்த மாதிரி வலிக்கும். கிடங்கில் எல்லோரும் பத்து மணிக்குக் காப்பிக் கடைக்குப் போகும்போது நான் கன்டெய்னர் நிழலில் உட்கார்ந்து வெந்நீர் குடிப்பேன். ஷா ஆலமில் அவளும் இந்த நேரத்தில் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பில் வலி கொஞ்சம் குறையும். பொய்யில்லை, உண்மையாகவே குறையும்.

இந்த வருஷம் தவக்காலத்தின் நாலாவது வாரம். வரவேண்டிய கன்டெய்னர்கள் வரவில்லை, எங்களை மதியத்தோடு வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். நல்ல மழை. இந்த மழையில் தொழிற்சாலை பஸ் ஜாமில் மாட்டினால் அவள் வீடு வர ஆறு மணி ஆகும். நேராகப் போய் அழைத்து வந்துவிடலாம் என்று காரை ஷா ஆலம் பக்கம் திருப்பினேன். போன் பண்ணவில்லை. போனில் பேசுவதென்றால் எனக்கு இன்னும் கஷ்டம்.

கேட்டில் இருந்த நேப்பாளக் காவலாளிக்கு என்னைத் தெரியும். மழையில் நிற்காதே, கேன்டீனில் போய் உட்கார் என்று மலாயில் சொல்லி உள்ளே விட்டார். ஷிப்ட் முடிந்திருந்தது. கேன்டீன் ஓரத்து மேசையில் நான்கைந்து பெண்கள், தலையில் போட்ட வலையைக்கூடக் கழற்றாமல் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தார்கள். என் மனைவி எனக்குப் பக்கவாட்டில் இருந்தாள். ஒரு நீளப் பாக்கெட்டைப் பல்லால் கிழித்து மக்கில் கொட்டி, மேசையிலிருந்த ஃபிளாஸ்க்கை அழுத்தி, ஆவி பறக்கிற தண்ணீரை நேராக அதன்மேல் விட்டாள். காலிப் பாக்கெட்டை இரண்டாக மடித்து அதையே கரண்டியாக வைத்துக் கலக்கினாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தாள்.

அவள் அப்படிக் கண்ணை மூடிக் குடித்து நான் பார்த்ததில்லை.

மேசையில் இருந்த ஓர் இளம் பெண் என்னை முதலில் பார்த்தாள். தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு முறுக்கு கொடுத்தனுப்புகிறவள், என் மனைவியோடு ஒரே லைனில் நிற்பவள். “அக்கா, யாரு வந்திருக்கான்னு பாருங்க” என்றவள், மற்றவர்கள் பக்கம் திரும்பி, “உப்புக் காப்பி அண்ணே லா” என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை. தெரிந்த ஆளைப் பார்த்த சிரிப்பு. எனக்கு அந்த மேசையில் ஒருவரையும் சரியாகத் தெரியாது, அவர்கள் எல்லோருக்கும் என்னைத் தெரிந்திருந்தது. ஒரு மலாய்க்கார அக்கா கையைக் கரண்டி மாதிரி வைத்து மக்கில் அடிப்பது போல் சுற்றிக் காட்டினாள். இன்னும் சிரித்தார்கள். அந்தச் சுற்று என்னுடையது. மணிக்கட்டை ஒடித்து, தோளைக் கொஞ்சம் தூக்கி. என் மனைவி நடித்துக் காட்டாமல் அது அந்த அக்காவுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

என் மனைவி மக்கை மேசையில் வைத்துவிட்டு அதைக் கையால் மறைத்த மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

“உட்காருங்கண்ணே, ஒரு மக் போடட்டுமா? இதுல உப்பு இல்லை” என்றாள் அந்தப் பெண்.

தவக்காலம், நாங்கள் குடிப்பதில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் அத்தனை பேரும் என் மனைவியைப் பார்த்திருப்பார்கள். “இல்லம்மா, இப்பதான் குடிச்சிட்டு வரேன்” என்றேன். இவ்வளவு பேருக்கு முன்னால் நான் தடுமாறாமல் சொன்ன ஒரே வாக்கியம் அது, அதுவும் பொய்.

காரில் ஏறினோம். பெடரல் ஹைவேயில் வண்டிகள் நகரவில்லை. வைப்பர் ஓடுகிற சத்தம்தான். கொஞ்ச தூரம் போனதும் அவள் என் பக்கம் திரும்பினாள். முகத்தில் பயம் இல்லை. ஒரு சுமை இறங்கின மாதிரி இருந்தது.

“நீங்களும் வெளியில குடிச்சிக்கிட்டுத்தான் இருக்கீங்களா?” என்று கேட்டாள்.

அவள் அதை எவ்வளவு ஆசையாகக் கேட்டாள் என்று இப்போது நினைத்தால் தெரிகிறது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம். எனக்கு அந்த நல்ல மனசு வரவில்லை.

“இல்லை” என்றேன். “உன்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாதுன்னு சொன்னேன்.”

அவள் நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான்தான் கேட்டேன். எத்தனை வருஷமாக என்று.

“எதைக் கேக்குறீங்க? தவக்காலத்துலயா, மத்த நாள்லயா?”

மற்ற நாள் என்று ஒன்று இருக்கும் என்பது அதுவரை என் மனதில் வரவே இல்லை. பிறகு அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஒளிக்க இனி ஒன்றும் இல்லை என்று ஆனபின் பேசுகிறவர்கள் பேசுவது போல், சத்தம் உயர்த்தாமல் சொன்னாள். தொழிற்சாலையில் சேர்ந்த நாளிலிருந்து காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவளுக்கு ஒரு பாக்கெட் காப்பி வேண்டும். தூள், சீனி, பால் எல்லாம் ஒன்றாக இருக்கிற அந்தப் பாக்கெட். நன்றாகக் கொதிக்கக் கொதிக்க, இனிப்பாக. என் காப்பி வெதுவெதுப்பாக இருக்கும், நுரைதான் இருக்கும், கடைசியில் நாக்கில் ஏதோ ஒட்டும். தினமும் மருந்து குடிக்கிற மாதிரி குடித்துவிட்டுப் போனதாகச் சொன்னாள்.

“அப்ப காப்பியை விடலாம்னு நீதானே சொன்னே?”

“அந்த நாப்பது நாளாவது காலையில அது இருக்காதுன்னுதான் சொன்னேன்.”

எனக்கு முன்னால் நின்ற லோரியின் பின்விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து வருஷம். பொட்டில் வலியோடு கன்டெய்னர் நிழலில் நான் உட்கார்ந்திருந்த நேரத்தில், இவள் என் காப்பியிலிருந்து விடுமுறையில் இருந்திருக்கிறாள். அதைச் சாமிக்கு என்று வேறு சொல்லியிருக்கிறாள்.

“பிரிக்பீல்ட்ஸ்ல நல்லா இருக்குன்னு சொன்னியே.”

“எப்ப?” என்றாள்.

நான் அந்த அறையை, ரயிலை, பலாக்காய் உப்பை எல்லாம் சொன்னேன். ஒருநாளும் இவ்வளவு நீளமாக அவளிடம் பேசியதில்லை. அவள் நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள். அதில் நடிப்பு இல்லை. “சொல்லியிருப்பேன்” என்றாள். “ஞாபகம் இல்லைங்க.”

முன்னால் லோரி நகர்ந்தது, நானும் வண்டியை நகர்த்தினேன்.

மீதியிருந்த நாட்கள் விநோதமாகப் போயின. நான் காப்பியைத் தொடவில்லை. சாமிக்குக் கொடுத்த வார்த்தை. அவள் உடைத்ததற்கு நான் ஏன் உடைக்க வேண்டும் என்று ஒரு வீம்பு. காலையில் அவளுக்கு முன்னால் எழும்புவதை மட்டும் நிறுத்திவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பேன். அவள் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடிப்பது, கதவைச் சாத்துவது எல்லாம் கேட்கும். சூப்பர்வைசர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாமலே மூன்று வாரம் போனது.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரம் தொடங்குவதற்குள் கோயிலில், ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றோம். அவள் எனக்கு முன்னால் போனாள். ரொம்ப நேரம் வரவில்லை. அந்தப் பலகைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஃபாதரிடம் காப்பி விஷயத்தைத்தான் சொல்கிறாள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. தொழிற்சாலைப் பெண்களிடம் சொன்னாள், இப்போது ஃபாதரிடம். எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது, என்னிடம் மட்டும் மழையில் மாட்டிக்கொண்ட பிறகு. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். நான் முழங்காலில் நின்றேன்.

“கோபமா இருக்கேன் ஃபாதர்.”

“யார்மேல?”

“பொண்டாட்டிமேல.”

“என்ன செஞ்சாங்க?”

“காப்பி குடிச்சா.”

பலகைக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு, “தவக்காலத்துலயா?” என்று கேட்டார். ஆமாம், ஆனால் அது இல்லை ஃபாதர் என்றேன். அப்படியானால் எது என்று அவர் பொறுமையாகக் காத்திருந்தார். கொதிக்கிற தண்ணீரை நேராக ஊற்றினாள் என்று சொல்வதா? என் கையை நடித்துக் காட்டியிருக்கிறாள் என்று சொல்வதா? மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். சொன்னேன். கோபம் அப்படியேதான் இருந்தது.

ஈஸ்டர் ஞாயிறு காலை நான் எழுந்தேன். நாற்பது நாள் முடிந்துவிட்டது, குடிக்கலாம். மேசையில் இரண்டு மக்கை எடுத்து வைத்துவிட்டு, பழக்கத்தில்தான் வைத்தேன் என்பதைப் பார்த்து அப்படியே நின்றேன். அவள் வழக்கத்தைவிட முன்னாலேயே எழுந்து வந்து உட்கார்ந்தாள்.

“உனக்கு எப்படி வேணும்?” என்று கேட்டேன்.

இருபத்துமூன்று வருஷத்தில் அதை நான் கேட்டதில்லை. அவள் குடிக்கிறாளா என்று பார்த்திருக்கிறேன், மக் காலியா என்று பார்த்திருக்கிறேன். கேட்டால் வேறு ஏதாவது பதில் வந்துவிடுமோ என்ற பயம் எனக்கு எப்போதும் இருந்திருக்க வேண்டும்.

“நீங்க விடுங்க, நானே போட்டுக்கிறேன்” என்று எழுந்தாள். பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து ஒரு மக்கில் கொட்டினாள். கெட்டில் கொதித்து விசில் மாதிரி இரையும்போதே தண்ணீரை ஊற்றினாள். தூள் மேலே கொப்பளித்ததைப் பார்க்க எனக்கு உடம்பு கூசியது. கலக்கிவிட்டு மக்கை என் பக்கம் தள்ளினாள். ஒரு வாய் குடித்துப் பாருங்கள் என்றாள்.

குடித்தேன். சின்னப் பிள்ளைகளுக்கு ஆற்றிக் கொடுக்கிற பானம் மாதிரி ஒரே இனிப்பு. காப்பி எங்கேயோ தூரத்தில் இருந்தது. நாக்கு வெந்துவிட்டது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படிப் பார்க்கிற பார்வை எனக்குத் தெரியும்.

“எனக்குப் பிடிக்கலை” என்றேன்.

“பாத்தீங்களா, உங்களுக்கு எவ்வளவு ஈசியா வருது” என்றாள். அவள் கோபப்படவில்லை. மக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “எனக்கு வரலைங்க. முதல்ல நீங்க எதுவுமே பேச மாட்டீங்க. காப்பியும் வேணாம்னா அப்புறம் என்ன செய்வீங்கன்னு பயம்.”

அது நியாயமாகத்தான் பட்டது. பிடிக்காததைக் குடித்ததை நான் அன்றைக்கே மன்னித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். பொய் சொல்லி ஒறுத்தல் வைத்ததையும்கூட, அவள் சாமியிடம் சொல்லிவிட்டாள், அதற்குமேல் கேட்க நான் யார். ஆனால் ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. கேட்டேன்.

“அங்க ஏன் சொன்னே? கையை எல்லாம் செஞ்சு காட்டி?”

மக்கைச் சுற்றிக் கையை வைத்திருந்தாள். விரல் நுனிகளெல்லாம் நாள் முழுக்கக் கையுறைகளை எண்ணிப் பெட்டியில் அடுக்கி வெளுத்துக் கிடந்தன.

“எட்டு மணி நேரம் நிக்கிறோம். அங்க சிரிக்கிறதுக்கு வேற என்ன இருக்கு?” என்றாள். பிறகு, “கேலியா சொல்லலைங்க. என் வீட்டுக்காரர் காலையில எழுந்து எனக்காக இப்படி அடிப்பாருன்னுதான் சொல்ல ஆரம்பிச்சேன். அவங்க சிரிச்சாங்க. அதுக்கப்புறம் சிரிப்பாவே ஆயிடுச்சு.”

நான் எனக்கு ஒரு மக்கில் தூள் போட்டு அடிக்க ஆரம்பித்தேன். நாலைந்து சுற்றுக்குப் பிறகு என் தோள் தூக்கியிருப்பதை நானே கவனித்தேன். அதைக் கீழே இறக்கிப் பார்த்தேன். தோளை இறக்கினால் கை சரியாக ஓடவில்லை.

இப்போது காலையில் மேசையில் இரண்டு விதமான காப்பி இருக்கிறது. அவளுடையதை அவள் கலக்கிக்கொள்கிறாள், என்னுடையதை நான். அவள் பழையபடி எல்லாம் சொல்கிறாள், நான் கேட்கிறேன். முன்னைவிட நேரம்கூட ஆகிறது, ஏனென்றால் அவளுடையது சூடு அதிகம், ஆறுவதற்கு நேரம் பிடிக்கிறது. ஆனால் அவள் எதிரில் நான் அடிப்பதில்லை. அவள் குளியலறையில் இருக்கும்போதே அடித்து முடித்துவிடுகிறேன்.

மழை நாட்களில் இன்னும் ஷா ஆலமுக்குப் போய் அவளை அழைத்து வருகிறேன். காவலாளி கேன்டீன் பக்கம் கைகாட்டி, உள்ளே போ என்கிறார். நான் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு காரிலேயே இருக்கிறேன். அந்தப் பெண்கள் குடையோடு கடந்து போகும்போது ஜன்னலுக்குள் பார்த்துக் கையாட்டுவார்கள். நானும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து ஆட்டுவேன். எடுத்த கையை உடனே மறுபடியும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொள்வேன்.